வலப்பக்கமே திரும்புகிறவர்

சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன். இடமில்லை, நின்றுகொண்டே வந்தேன். பக்கத்து சீட்டில் அறுபது வயதுத் தம்பதி. கணவர் மடியில் எக்ஸ்ரே கவர்.

"மூணு நாளா அருவியைத் தேடி காட்டுல நடந்தோம். மூணு நாளும் நம்ம வேன் முன்னாடியே வந்து நின்னோம்," என்றார் அந்த அம்மா.

வேனில் கட்டிலும் அடுப்பும் போட்டுக்கொண்டு பச்சைமலையில் தங்கியிருக்கிறார்கள், இன்று டாக்டரைப் பார்க்க இறங்கி வந்திருக்கிறார்கள் என்று பேச்சில் தெரிந்தது.

"பாதை அப்படி இருக்கு. நான் என்ன பண்றது?"

"பாதை மேல பழி போடாதீங்க. பிரியற இடத்துலயெல்லாம் நீங்க வலது பக்கமே திரும்புறீங்க."

"நாப்பது வருஷமா கோயிலைச் சுத்துற காலு. வலதுலதான் திரும்பும்."

"அருவி இடது பக்கம்னு போர்டு வச்சிருக்காங்க."

"மலையும் சாமிதான். அப்பிரதட்சணமா போகச் சொல்றியா?"

"திங்கக்கிழமை முட்டி ஆபரேஷன். அதுக்கப்புறம் மலை ஏறக் கூடாதுன்னு டாக்டர் இப்பதானே சொன்னாரு. அருவியைப் பாக்காமலே விட்டுடலாமா?"

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும் அவர் எக்ஸ்ரே கவரை மனைவியிடம் கொடுத்தார்.

"நாளைக்கு நீ முன்னாடி போ," என்றார். "நான் பாதையைப் பாக்க மாட்டேன். உன் பின்னாடி வரேன்."

"நான் இடதுலதான் திரும்புவேன்."

"திரும்பிக்க."

"சாமி கேட்டா?"

"பொண்டாட்டி பின்னாடி போனேன்னு சொல்லுவேன். அவருக்குப் புரியும்."