ஓட்டையை நகர்த்த ஆகும் செலவு

இல்ல தம்பி, நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். ஏசிக் காத்து வர்ற ஒரு ஓட்டை. இந்தச் சுவரோரமா இருக்கு. அத அந்தச் சுவரோரமா நகத்தணும். அதுக்கா இவ்ளோ? நீங்க சொல்ற தொகைக்கு ஒரு புது ஏசியே வாங்கி, என் தலைமாட்டுல வெச்சுக்கிட்டுத் தூங்கலாமே.

என்னது... பழைய ஓட்டைய அடைக்கத் தனி, புது ஓட்ட போடத் தனியா? சரி. சீலிங்கப் பிரிக்க ஒரு ஆளு. பிரிச்சதச் சேக்க ஒரு ஆளு. சேத்தது தெரியாம பெயிண்ட் அடிக்க இன்னொரு ஆளு. எங்க கல்யாணத்துக்குக்கூட இத்தன பேரக் கூப்பிடல தம்பி.

சரி, ஏறுங்க. மூடியக் கழட்டி உள்ள பாத்துட்டே சொல்லுங்க. ஐயையோ, திருகாணிய வாயில வெச்சுக்காதீங்க, முழுங்கிடப் போறீங்க. ...சரி, வெச்சுக்கங்க. உங்க தொழில். நான் ஒண்ணும் சொல்லல. ரிட்டயர் ஆனதுலேர்ந்து நான் யாருக்கும் எதுவும் சொல்றதே இல்ல. அந்த ஏணிய மட்டும் ஒரு சாண் இடப்பக்கமாப் போட்டிருக்கலாம்.

தலைய உள்ள விட்டுட்டீங்களா? நான் பேசுறது கேக்குதா? கேட்டா ஒரு கால ஆட்டுங்க. ம். அப்ப நான் உங்க கால்கிட்டயே பேசிக்கிறேன். எனக்கும் அதுதான் வசதி. மூஞ்சியப் பாத்துப் பேசுனா ஆளுங்க குறுக்க பேசுறாங்க.

கழுத்துல காத்துப் படுதுன்னு உங்ககிட்ட போன்ல சொன்னேன்ல? அது சும்மா. வீட்டம்மாகிட்டயும் அதத்தான் சொல்லி வெச்சிருக்கேன். அவ இப்ப கடைக்குப் போயிருக்கா, அதனால சொல்றேன். காத்து இல்ல தம்பி பிரச்சன. காத்தோட சேந்து வருது பாருங்க, அது.

உங்க தலைக்கு மேல போற அந்தக் குழா நேரா எங்க போகுது? பெட்ரூமுக்கு. அங்க பேசுனா இங்க கேக்கும். அங்க தும்முனா நான் இங்க மூஞ்சியத் தொடச்சுக்கணும். அவளுக்கு ஒரு அக்கா, வெளியூர்ல. மத்தியானம் சாப்பாடு ஆச்சுன்னா, பெட்ரூம் கதவச் சாத்திட்டு அக்காவுக்குப் போன். ஒட்டுக்கேக்குற பழக்கமெல்லாம் எனக்குக் கெடையாது. நான் பாட்டுக்கு இந்த நாக்காலியில ஒக்காந்திருந்தேன். வெளிச்சம் பத்தலேன்னு கொஞ்சம் இப்படி நகத்திப் போட்டேன்... சரி, வெளிச்சம் அந்தப் பக்கந்தான். இருந்தாலும் போட்டேன்.

மொத நாள் என் காதுல என்ன விழுந்துச்சு தெரியுமா? "அக்கா, இவரு ரிட்டயர் ஆனதுல ஆபீஸ் பொழச்சுது, நான் மாட்டிக்கிட்டேன். துண்ட மடிச்சா ஓரம் சேரலேங்குறாரு." ஓரம் சேரலேன்னா சேரலேன்னுதான தம்பி சொல்லணும்? கோவத்துல மறுநாள் முழுக்க வாயே தெறக்கல. அன்னிக்கு மத்தியானம் சொல்றா, "இன்னிக்கு இவரு ஒரு கொறையும் சொல்லல அக்கா, ஒடம்புக்கு என்னமோன்னு பயந்துட்டேன்." அதுல சந்தோஷம் வேற கொரல்ல.

அங்க பிடிச்சுது எனக்கு இந்தப் பைத்தியம். முழங்கால் வலி, மேல் ஷெல்ஃப் டப்பா எட்டலேன்னு அக்காகிட்டச் சொன்னா. மறுநாள் டப்பாவெல்லாம் கீழ் தட்டுல எறக்கி வெச்சுட்டேன். சாயங்காலம் நடக்கப் போனா இவரு முன்னாடி போறாரு, நான் யாரோ மாதிரிப் பின்னாடி போறேன்னா. அன்னிலேர்ந்து அவ பக்கத்துலயே நடந்தேன். "இவரு ரொம்ப மாறிட்டாருக்கா"ன்னா பாருங்க... சர்வீஸ் முழுக்க எனக்கு அப்படி ஒரு நல்ல பேரு யாரும் குடுத்ததில்ல.

அப்புறந்தான் ஆர்டர் கூடிப் போச்சு. கொடிக்கயிறு தொங்குதுக்கா. ஃபேன்ல தூசிக்கா. ஜன்னல் கம்பி துருப்பிடிச்சுக் கெடக்குக்கா. போன வாரம், உள்ள அவ "ஆமாக்கா, அதேதாங்க்கா"ன்னு பேசிட்டிருக்கா. கம்பியத் தேய்க்கலாம்னு நான் உப்புத்தாள எடுத்துக்கிட்டு ஹாலுக்கு வர்றேன். அவ போனு டிவிக்குப் பக்கத்துல சார்ஜ்ல கெடக்கு.

ஆமா. பாருங்க, உங்க காலே அசையாம நின்னுபோச்சு.

எத்தன நாளா ஓட்டையப் பாத்து அக்கா அக்கான்னு கூப்பிட்டாளோ தெரியல. கையில உப்புத்தாளோட நான் நிக்கிறேன். பத்திக்கிட்டு வந்துச்சு. அப்பவே உங்களுக்குப் போன் போட்டேன். அவகிட்ட, கழுத்து வலிக்குது, ஓட்டைய நகத்தப் போறேன்னேன். செலவச் சொல்லிச் சண்டைக்கு வருவான்னு பாத்தா, "செய்ங்க"ன்னா. அவ்ளோதான். அன்னிலேர்ந்து மத்தியானத்துல அங்க சத்தமே இல்ல. நாக்காலிய இன்னும் கிட்டப் போட்டுப் பாத்தேன். மேல ஏறி நின்னும் பாத்தேன். வெறும் காத்துதான் வருது.

யோசிச்சுப் பாத்தா தம்பி... அதெல்லாம் அவ ஏற்கனவே என்கிட்ட சொன்னதுதான். முழங்கால் வலிக்குதுன்னா, ஒடம்பக் கொறைன்னேன். மெதுவா நடங்கன்னா, நீ வேகமா வான்னேன். மூஞ்சிக்கு நேரா எது சொன்னாலும் என்கிட்ட ஒரு பதில் தயாரா இருக்கு. ஓட்ட வழியா வந்ததுக்கு மட்டும் பதில் சொல்ல முடியாது. சொன்னா ஒட்டுக்கேட்டது தெரிஞ்சுபோயிடும். அதனாலயே செஞ்சு தொலச்சேன். இப்ப இத அடைச்சுட்டு, அப்புறம் அவ எங்க போயிச் சொல்லுவா?

ஆமா, ஒண்ணு கேக்கணும். அங்க பேசுறது இங்க கேக்குதுன்னா, இங்க பேசுறது... அங்கயும் போகுமா? கால ஆட்டுறீங்களே. நான் அத யோசிக்கவே இல்ல பாருங்க. நல்ல வேள, அவ கடையில இருக்கா.

ஓட்டையிலேர்ந்து அது என்ன சத்தம்? இருமல் மாதிரி இல்ல? அவ வந்துட்டாளா? எப்ப வந்தா? குழாவுக்குள்ள இருக்குற உங்க காதுக்குக் கேட்டிருக்குமே. உப்புத்தாள் கதைக்கு முன்னாடின்னா ஒரு கால ஆட்டுங்க, பின்னாடின்னா ரெண்டையும் ஆட்டுங்க.

ஒரு காலா. கடவுளே. ஒரு வார்த்த சொல்லக் கூடாதா தம்பி? ...ஆமா, வாயில திருகாணி.

உஸ். பேசுறா. "அக்கா, இவரு ரொம்ப நேரமாப் பேசிட்டிருக்காரு. தொண்ட காஞ்சிருக்கும். ரெண்டு பேருக்கும் டீ போடவான்னு கேக்கணும். ஓட்டைய எடுத்துட்டா இதயெல்லாம் யாருகிட்டக்கா கேக்குறது?"

எறங்குங்க. சீக்கிரம் எறங்குங்க, நான் ஏறணும். ஏணிய நல்லாப் பிடிச்சுக்கங்க. ஒரு சாண் இடப்பக்கமாப் போடச் சொன்னேனே, கேட்டீங்களா? பரவால்ல. இருங்க, தொண்டையச் செருமிக்கிறேன்.

என்னடி... அக்காதான் பேசுறேன். ரெண்டில்ல, மூணு டீயாப் போடு. உன்னோடதயும் இந்த ரூமுக்கே எடுத்துட்டு வரணுமாம். ஜன்னல் கம்பிய நாளைக்குத் தேய்ச்சுடுவாராம். ஆமாடி, ஓட்ட இங்கயேதான் இருக்கப் போவுதாம். கழுத்தா? கழுத்தெல்லாம் நல்லாத்தான் இருக்காம். செலவுதான் அவருக்குக் கட்டுப்படியாகாதாம்.