ஓப்பல் டக்கெட்டின் தபால்தலை

இப்போது வரும் தபால்தலைகளுக்கு எச்சில் தொட வேண்டியதில்லை, ஷெரீப் ஐயா. உரித்து ஒட்டினால் போதும். முப்பத்தெட்டு வருடம் மரம் அறுத்துக் காய்த்துப்போன என் விரலுக்கு அந்த உரிப்புதான் சிரமம். வாயால் சொல் என்றீர்கள், எழுதியே தருகிறேன். ஐம்பத்தொன்பது வயதில் சர்ச்சில் உட்கார்ந்து கற்ற எழுத்து. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் எழுதிய முதல் கடிதமே வாஷிங்டனுக்குத்தான். எங்கள் கென்டக்கி மலையிலிருந்து ரேடியோவுக்குப் போய் நாட்டையே அழவைத்த பாட்டுக்காரி ஓப்பல் டக்கெட். அவள் முகத்தைத் தபால்தலையில் போடுங்கள் என்று கேட்டேன். கூடவே நாலாயிரம் கையெழுத்து. பதில் வந்தது: உயிரோடிருப்பவர்களுக்குக் கிடையாது, இறந்து மூன்று வருடமாவது ஆகியிருக்க வேண்டும்.

விறகு இறக்கப் போனபோது அவளுக்கே படித்துக் காட்டினேன். சோள ரொட்டியைப் பீன்ஸ் குழம்பில் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் இன்னும் சாகாததுதான் அவங்களுக்குக் குறையா?"

"சட்டம் அப்படியாம் அக்கா."

"உனக்கு அவ்ளோ அவசரமாடா ஆர்வில்? இந்த ரொட்டியத் தின்னுட்டு நாளைக்கே போயிடறேன் போ. படத்துல மட்டும் மூக்கைச் சின்னதாப் போடச் சொல்லு."

எனக்கு அது அவள் தந்த சம்மதமாகவே பட்டது. அவளுக்கு எழுபத்தொன்பது, அவள் அம்மா நூற்றிரண்டு வரை இருந்தவள். எனக்கு அறுபத்தாறு, நெஞ்சு நிறைய மரத்தூள். அவளுக்குக் குரலும் போய்விட்டது. அந்தக் கோடையில் மளிகைக் கடைத் திறப்பில் பாடியபோது சனங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதற்குமேல் அவள் பெயரைக் கீழே இறங்க விட எனக்கு மனமில்லை.

அவள் வீட்டுப் புகைபோக்கியில் குருவிகள் கட்டும் கூடுகளை வருடாவருடம் நான்தான் எடுப்பேன். அந்த வருடமும் எடுத்தேன், எறியவில்லை. ஜனவரியில், முழங்காலளவு பனி கிடந்த ஒரு காலை, மேலே ஏறி அவற்றைத் திரும்பவும் திணித்தேன். இறங்கி வந்து குளிருக்கு விறகடுப்பை மூட்டிக் கொடுத்தேன். குருவிக்கூடு அடைத்துப் புகையில் மூச்சு முட்டிய விபத்து என்று உங்கள் போலீஸ் ஆட்களே எழுதிக்கொண்டார்கள்.

ஐந்து வருடம் காத்திருந்தேன். போன சனிக்கிழமை தபால் ஆபீஸ் வாசலில் பேஞ்சோ வாசித்து வெளியிட்டார்கள். மூக்கு சின்னதாகத்தான் இருந்தது. தபால் ஆபீஸ் வில்மா முதல் தபால்தலையை என் கையில் வைத்து, "நீ இல்லேன்னா இது நடந்திருக்குமா ஆர்வில்?" என்றாள்.

"நடந்திருக்காது," என்றேன்.

அச்சாகி ஊர் ஊராகப் போய்விட்டது. இனி யாராலும் அதைத் திரும்ப வாங்க முடியாது. அதனால் சொல்கிறேன்.

அவள் கஷ்டப்படவில்லை. கதவை உள்ளிருந்து தட்டியதும் கொஞ்ச நேரம்தான். நான் வெளியே போட்ட தாழ்ப்பாள் வலுவில்லாதது, அதனால் கதவில் முதுகைக் கொடுத்து நின்றேன். என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டாள். போய்வருகிறேன் என்று சொல்வதாகத்தான் எனக்குக் கேட்டது.