படியில் விழுந்தவர்கள்

“ஹலோ... ஆமா, நான்தான். சொல்லுப்பா.”

போனைக் காதில் வைத்தபடியே எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். ஆஸ்பத்திரியின் துணி அறை அது. சலவையிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை மடித்து, வார்டு வார்டாகப் பிரித்து அனுப்பும் வேலையை இருபத்திரண்டு வருடமாகச் செய்கிறாள். எதிரே முக்காலியில் மருமகள் உட்கார்ந்திருந்தாள். இடது புருவத்தில் நான்கு தையல். அடுக்கிய விரிப்புகளின் மேல் நாலு வயதுப் பேத்தி வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். போனில் மகன்.

“வேலையிலதான் இருக்கேன்... இல்லப்பா, இங்க வரலையே... ஆமா... ஆமா ஆமா, வந்தா உன்கிட்ட சொல்லமாட்டேனா?”

மருமகள் நிமிர்ந்து பார்த்தாள். மாமியார் போனோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெற்ற பிள்ளையிடம் இவ்வளவு சரளமாகப் பொய் வரும் என்று அவளுக்கே இன்றுவரை தெரியாது.

“அழாதப்பா... சரி... சரிடா, குழந்தைக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. நீ முதல்ல அழறதை நிறுத்து.”

பெற்ற வயிறு கேட்குமா? இதோ என் எதிரேதான் இருக்கிறாள், வந்து கூட்டிக்கொண்டு போ என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் அவன் ஏதோ மெல்லச் சொன்னான்.

“என்ன சொன்னே?... இன்னொரு தடவை சொல்லு... ம்.”

அதே குரல். செத்துப் பதினோரு வருடமான மனுஷனின் குரல். கடைசி வார்த்தையில் தாழ்ந்து குழைகிற அந்த இழுவைகூட மாறவில்லை. இரவெல்லாம் அடித்துவிட்டு, காலையில் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே அவர் அப்படித்தான் பேசுவார். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் வெகுநாள், வாசலில் யாருடைய செருப்புச் சத்தம் கேட்டாலும் அடுப்பைத் தணித்துவிட்டு அசையாமல் நிற்பாள்.

“இல்ல, கேட்டுட்டுத்தான் இருக்கேன். உங்கப்பாவும் இதையேதான் சொல்வாரு. நீ வாயை வச்சிட்டு சும்மா இருந்தா நான் ஏன் கை நீட்டப்போறேன்னு... இல்லப்பா, நான் யாரையும் யாரோடயும் சேர்த்துப் பேசலை... அவ உன்னைப்பத்தி வாயே திறக்கலைடா. தையல் போட்ட நர்ஸ்கிட்டகூட, படியில விழுந்துட்டேன்னுதான்...”

பாதியில் நிறுத்தினாள். சொன்னது சொன்னதுதான், அள்ள முடியாது. மருமகள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“...ஆமா. வந்தா... காலைல வந்தா... ஆமா, பொய்தான் சொன்னேன்... இரு. நான் ஒண்ணு கேக்கறேன். உன் வீட்ல ஏதுடா மாடி?... வாசப்படியைச் சொல்லாத, வீட்டுக்குள்ள ஏது படி? எந்தப் படியில விழுந்தா அவ?”

கையருகே கிடந்த விரிப்பை ஒற்றைக் கையால் நீவிவிட்டாள்.

“நான் யார் யார் படுத்த விரிப்பை மடிக்கறேன்னு உனக்குத் தெரியுமா? வாரத்துக்கு நாலு பொம்பளைங்களாவது அடிபட்டு வராங்க. டீச்சரும் வராங்க, வீட்டுவேலை செய்யறவங்களும் வராங்க. மாடியே இல்லாத வீட்லேருந்து படியில விழுந்து வராங்க. நானும் இதே ஆஸ்பத்திரிக்கு மூணு தடவை அப்படி விழுந்து வந்தவதான்... தெரியாதா? உனக்கா தெரியாது? அவர் ஆரம்பிச்சதும் ஓடிவந்து உன் காதைப் பொத்துவேனே. கண்ணைப் பொத்தணும்னு எனக்குத் தோணலை பாரு...”

போனிலிருந்து சத்தம் வெடித்தது. முக்காலிவரைக்கும் கேட்டிருக்கும்.

“எதுக்குக் கத்தறே?... யார்கிட்டப் பேசறேன்னு...”

தன் இடது கை தானாகவே உயர்ந்து முகத்தை மறைத்திருப்பதை அப்போதுதான் பார்த்தாள். அவன் இருப்பதோ ஊரின் அந்தக் கோடியில். வெட்கமாக இருந்தது. கையைக் கீழே இறக்கினாள்.

பேத்தி விழித்துக்கொண்டாள். அழவில்லை. ‘அம்மா’ என்றுகூடக் கூப்பிடவில்லை. விரிப்புகளின் மேலிருந்து சத்தமில்லாமல் சறுக்கி இறங்கி, கீழே கிடந்த தன் செருப்பு இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு, அழுக்குத்துணி வண்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். தான் இங்கே இருப்பதற்கு அடையாளம் எதுவும் வெளியே இருக்கக் கூடாதாம். பலநாள் பழகியவள்போல அவ்வளவு சுத்தமாகச் செய்தாள். மருமகள் வண்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, “ஒண்ணுமில்லடி, பாட்டி போன்ல பேசறாங்க” என்றாள். குழந்தை வெளியே வரவில்லை.

அதற்குமேல் அவளுக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

“கத்தி முடிச்சுட்டியா? இப்ப நான் சொல்றதைக் கேளு. அவளும் குழந்தையும் என்கூடத்தான் இருக்காங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல மூணு பேரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறோம்... ஆமா, நானும்தான்... அவ கேக்கலை. அவ இப்பவும் வேணாம்னுதான் தலையாட்டிட்டிருக்கா. நான்தான் கூட்டிட்டுப் போறேன்... எழுதிக் குடுக்கப்போறோம். அவ புருவத்துல இருக்கற தையலையும், போன மாசம் என் முன்னாலயே நீ கை ஓங்கினதையும். சாட்சின்னு என் பேரைப் போடச் சொல்வேன்... ஆமா, உனக்கு எதிராத்தான்.”

அவன் ஏதோ கேட்டான். இந்தத் தடவை அந்த இழுவை இல்லை. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் பேசுகிற குரல்.

“...ஆமாப்பா. பெத்தவதான்... அப்படியே வச்சுக்கோ... மன்னிக்கறதும் மன்னிக்காததும் உன் இஷ்டம்... இங்க வராத. வந்தா செக்யூரிட்டி உள்ள விடமாட்டாரு, சொல்லி வச்சிடுவேன்...”

ஜன்னலோரம் நகர்ந்து, குரலைத் தணித்தாள்.

“காலைலேருந்து பட்டினியாத்தான் கிடப்பே. வெளிய போயாவது எதையாவது சாப்பிடு, கண்ணா... ஹலோ... ஹலோ...”

அவன் எப்போதோ வைத்துவிட்டிருந்தான்.