முப்பத்திரெண்டு கால்

— மேடைன்னா மூணு அடி இருக்கணும் சார். அப்பதான் கடைசி வரிசைல குந்திகினு இருக்கறவனுக்கும் நடிக்கறவங்க முழுசா தெரிவாங்க.

— பலராமண்ணே, மூணு அடி நல்லாருக்கா இல்லையான்னு நான் கேக்கல. தொறப்பு விழாவுக்கு ஒரு அடில நிறுத்தச் சொல்லிருந்தேன். ஏன் மூணு அடில நிக்குதுன்னு கேக்கறேன்.

— உங்க வரைபடத்துல மூணு அடியும் போட்டிருந்துச்சே.

— ஒண்ணு, ரெண்டு, மூணு, எல்லாமே போட்டிருந்துச்சு. எந்த நாடகத்துக்கு எந்த உயரம் வேணுமோ அப்படி மாத்திக்கலாம். குழாய்க்குள்ள குழாய் எறங்கும், ஓட்டைல இரும்பு பின்ன சொருகினா நிக்கும். இந்த கலைக்கூடமே அதுக்குத்தான் கட்டுனது. மேடைய நடுவுல வேணா போடலாம், ஓரத்துல வேணா போடலாம், மேடையே வேணாம்னா எடுத்துடலாம்.

— சரி, இப்போதைக்கு மூணு அடில நடத்துங்க. யாரு வந்து கேக்கப் போறா.

— சாய்தளம் கேக்கும். அது பன்னெண்டு அடி நீளம். ஒரு அடி உயரத்துக்குத்தான் சரியா வரும். அங்க பாருங்க, மேடைக்கு ரெண்டு அடி கீழயே நின்னு போச்சு.

— அத நீட்டுங்க.

— மூணு அடி ஏற முப்பத்தாறு அடி நீளம் வேணும். கூடத்துல பாதி போயிடும். ஜனங்க எங்க உக்காருவாங்க, பீச்சு ரோட்டுலயா?

— பீச்சுல நல்லா காத்து வரும் முசியே.

— அந்த முசியேவ உடுங்கண்ணே. நான் பிரெஞ்சுக்காரன் இல்ல, தட்டாஞ்சாவடிக்காரன்.

— பேச்சு பாரீசுல படிச்சவர் மாதிரி இருக்குதே, அதான்.

— காலைல மேடைய எறக்கலாம்னு பின்ன உருவிப் பாத்தேன். வரல. குனிஞ்சு பாத்தா, பின் மேலயே வெல்டு. எட்டுப் பலகை, பலகைக்கு நாலு கால். முப்பத்திரெண்டு காலுக்கும் வெச்சிருக்கு. ஒண்ணு ரெண்டுன்னா கைதவறின்னு சொல்லலாம்.

— பட்டறைல பசங்க தெரியாம வெச்சிருப்பானுங்க.

— மேட்டுப்பாளையம் பட்டறைக்குப் போன் போட்டேன். "எங்க போர்மேன் பலராமன்தான் லீவு நாள்ல தனியா வந்து வெச்சிட்டுப் போனாரு"ன்னாங்க.

— சொல்லிட்டானுங்களா.

— சொல்லிட்டாங்க.

— பின்னுல நிக்கற மேடை ஆடும் சார். அது மேல இருக்கப் போறது என் பொண்டாட்டி.

— இருபது மூட்ட சிமெண்ட்ட ஏத்தி பாத்தோம். நீங்கதான் ஏத்துனீங்க. ஆடல.

— சிமெண்ட்டு வேற, சுமலதா வேற.

— நாலு மணிக்கு அவங்க வராங்க, வீல்சேர்லயே சாய்தளத்துல ஏறிப் பாக்க. இப்ப மணி மூணு பத்து. உங்க வண்டில வெல்ட அறுக்கற கிரைண்டர் இருக்குல்ல?

— இருக்குது.

— ஒரு காலுக்கு அஞ்சு நிமிஷம் வெச்சாலும், சாய்தளம் முட்டற ரெண்டு பலகைய முக்கா மணில எறக்கிடலாம். மிச்சத்த நாளைக்கு வெட்டிக்கலாம்.

— அவ ஏறலன்னா இப்ப என்ன. நான் இருக்கேன்ல.

— இருக்கீங்க. ஆனா அவங்க தனியா ஏறணும்னு கேட்டாங்க.

— உங்ககிட்ட கேட்டா.

— ஆமா.

— சார், நீங்க எங்க நாடகம் எத்தினி பாத்திருக்கீங்க?

— ரெண்டு.

— நான் பதினோரு வருஷமா ஒண்ணு உடாம மேடையோரத்துல நிக்கறேன். காலேஜு, கோயில் திடலு, கதிர்காமம் ஆஸ்பத்திரில ஆண்டு விழா, எந்த எடமா இருந்தாலும் படி இருக்கும், வழி இருக்காது. வெளக்கு அணைஞ்சதும் நான் போவேன். வலது கை முதுகுக்கு, இடது கை முட்டிக்கு அடியில. ஒரே தூக்கு. வெளக்கு வரும்போது அவ மேடை நடுவுல இருப்பா. வீராம்பட்டினத்துல எங்கப்பா கூட படகு தள்ளுன தோளு சார் இது. ஒரு நாளு கூட அவ முந்தானை கலைஞ்சது கெடையாது.

— பாத்திருக்கேண்ணே. நல்லாத்தான் தூக்குவீங்க.

— ஒரு தடவ கரண்டுக்காரன் அவசரப்பட்டு வெளக்க போட்டுட்டான். நான் அவள கையில வெச்சுகினு நடு வழில நிக்கறேன். முந்நூறு பேரும் கை தட்டுனான். பேப்பர்ல அந்த போட்டோதான் வந்துச்சு. ரெண்டு பேரும் இருக்கற போட்டோ.

— உங்க வீட்டுல மாட்டியிருக்கே, பாத்தேன்.

— எங்க வூட்டுக்கு எப்ப வந்தீங்க?

— அளவு எடுக்க வந்தப்ப. நீங்க பட்டறைல இருந்தீங்க.

— அளவு. கை எட்டற தூரத்தலாம் எடுத்தீங்களாமே.

— மேல நீட்டினா எவ்ளோ, முன்னால நீட்டினா எவ்ளோ. டேப்போட ஒரு முனைய அவங்களே புடிச்சுகிட்டாங்க.

— நாலு மாசமா அந்த டேப்பு எங்க வூட்டு சோத்துல கூட வருது. "அன்பு சொன்னாரு, கதவு ஒரு மீட்டர் அகலம் இருக்கணுமாம்." "அன்பு சொன்னாரு, ஸ்கிரீன் கயிறு உக்காந்தபடியே எட்டணுமாம்." அன்பழகன்னு முழுசா சொன்னா அவளுக்கு வாய் வலிக்குமா?

— எங்க ஆபீசுல எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க.

— அவ உங்க ஆபீசா?

— அண்ணே, உங்க சந்தேகம் புரியுது. அப்படி ஒண்ணும் கெடையாது.

— சந்தேகமா? சந்தேகமா இருந்தா தேவல சார், சட்டையப் புடிச்சு ரெண்டு குடுத்துட்டு போயிடலாம். உங்களப் பாத்தா வயிறு எரியுது, அவ்ளோதான். நீங்க நல்லவரா வேற இருக்கீங்க. அதுல இன்னும் எரியுது.

— இதுக்கு நான் என்னண்ணே பண்ண முடியும்?

— மேக்கப் ரூமுல கண்ணாடிய எறக்கி மாட்டுனீங்கல்ல?

— உக்காந்தா மூஞ்சி தெரியணும்ல.

— முன்னாடி கண்ணாடிய நான் புடிச்சுகினு நிப்பேன். பொட்டு வெச்சுட்டு, கண்ணாடிய உட்டுட்டு, என் மூஞ்சிய பாத்து "சரியா மாமா"ன்னு கேப்பா. போன வாரம் ஒத்திகைல பாத்தேன். வெச்சா, கண்ணாடியப் பாத்தா, போயிட்டா.

— ம்.

— வாசப்படிய இடிச்சீங்க. முன்சக்கரத்த தூக்கி உட நான் வேணாம். சுவிட்ச எறக்குனீங்க, வெளக்கு போட நான் வேணாம். இப்ப இந்த சாய்தளம். நீங்க கட்டடமா கட்டுனீங்க? ஒவ்வொரு செங்கல்லயும் என் வேலைய ஒண்ணொண்ணா பேத்து எடுத்திருக்கீங்க.

— ஒரு சுமலதாவுக்காக இத கட்டலண்ணே. நாலு வரிசைலயும் நாற்காலிய கழட்டி வீல்சேருக்கு எடம் பண்ணலாம். கம்பு ஊணி வர்றவங்க, புள்ளத்தாச்சி, முட்டி வலிக்காரங்க எல்லாரும் வருவாங்க. நாளைக்கு உங்களுக்கே முட்டி வலி வரும்.

— வரட்டும். வந்தா தவழ்ந்து வந்து தூக்குவேன்.

— பிடிவாதம் புடிக்காதீங்க.

— பதினோரு வருஷம் சார். அவளப் பத்தி எனக்குத் தெரியாதது ஒண்ணு உங்களுக்குத் தெரியுமா? கேளுங்க பாக்கலாம்.

— வேணாம்ணே.

— கேளுங்கன்றேன்.

— நாடகம் முடிஞ்சு உக்காந்திருக்கும்போது அவங்க எந்தப் பக்கம் சாய்வாங்க?

— வலது பக்கம். கைய தாடைல முட்டுக் குடுத்துகினு, ராணி கணக்கா. இது கூடத் தெரியாதா.

— ஏன் வலது பக்கம்?

— ஏன்னா? அது அவ ஸ்டைலு.

— சரி.

— என்ன சரி?

— ஒண்ணுமில்லண்ணே.

— உங்ககிட்ட என்னமோ சொல்லிருக்கா.

— வீல்சேர் மெத்தைக்கு அளவு பாக்கும்போது ஒண்ணு சொன்னாங்க. அத அவங்கதான் உங்ககிட்ட சொல்லணும். கிரைண்டர எடுங்கண்ணே, நேரம் போவுது.

— மாட்டேன். வெட்ட மாட்டேன்.

— எத வெட்ட மாட்ட மாமா?

— சுமலதா? நாலு மணின்னுதானே சொன்ன. ஆட்டோலேருந்து யாரு எறக்கி உட்டா?

— ஆட்டோக்காரர் நாற்காலிய புடிச்சுகிட்டாரு, நானே நகந்து உக்காந்தேன். பெரிய மார்க்கெட்டாண்ட கூட்டமே இல்ல, சீக்கிரம் வந்துட்டேன். வாசல்ல படி இல்லியா, உருட்டிகினு நேரா உள்ள.

— ஒரு போன் போட்டிருந்தா வந்திருப்பேனே.

— போடற மாதிரி ஒண்ணும் வரல. வணக்கம் அன்பு.

— வாங்க.

— கேட்டீங்களா சார். அன்பாம்.

— என்ன மாமா?

— ஒண்ணுமில்ல.

— சாய்தளம் ஏன் மேடைக்கு எட்டாம நிக்குது?

— பட்டறைல ஒரு தப்பு நடந்துபோச்சுங்க. கால எறக்க முடியாம வெல்டு வெச்சுட்டாங்க. ஞாயித்துக்கெழம தொறப்பு விழாவுக்குள்ள சரி பண்ணிடலாம்.

— சார், எனக்கோசரம் நீங்க பொய் சொல்லாதீங்க. அத அவகிட்ட சொல்ற வேலையாவது எங்கிட்ட இருக்கட்டும். நாந்தான் வெச்சேன் சுமா.

— நீயா?

— நாந்தான். முப்பத்திரெண்டும்.

— ஏன்?

— ஆடும்னு.

— மாமா, என்னப் பாத்து சொல்லு.

— நீ பாட்டுக்கு ஏறிப் போயிட்டா அப்புறம் நான் எங்க நிக்கறது? அதான் வெச்சேன்.

— என் உள்ளங்கைய பாரு.

— என்ன இது, காச்சுப் போயிருக்கு?

— கதிர்காமம் ஆஸ்பத்திரில ஒரு சரிவு இருக்குல்ல, அங்க ஒரு மாசமா ஏறி எறங்கறேன். அங்க பயிற்சி குடுக்கற கமலாக்கா கூட. மொத நாளு பாதில நின்னு பின்னால உருண்டேன். இப்ப ஒரே மூச்சுல ஏறுவேன்.

— எங்கிட்ட சொல்லவே இல்லியே.

— சொன்னா பின்னால வந்து தள்ளுவ.

— தள்ளுனா என்ன தப்பு?

— ஞாயித்துக்கெழம மொத காட்சில என்ன வருது? சொல்லு. நீதான் எல்லா ஒத்திகையும் பாத்தியே.

— ராணி தனியா வரா. சபைல எல்லாரும் நிக்கறாங்க.

— இத்தினி வருஷமா எனக்கு வெளக்கு வரும்போது நான் ஏற்கெனவே அங்க இருப்பேன். கொண்டாந்து வெச்ச பொம்ம மாதிரி. ஒரு தடவ கூட நான் மேடைக்கு "வந்தது" கெடையாது மாமா. வர்றதுன்னா எப்படின்னு பாக்கணும் எனக்கு.

— பொம்மையா? உன்ன பொம்ம மாதிரியா தூக்கினேன்?

— அப்படி சொல்லல.

— அப்படித்தான் சொன்ன. அன்பழகன் சார், நீங்க போவாதீங்க, நில்லுங்க. நீங்களும் கேளுங்க. பதினோரு வருஷம், எத்தினி மேடை. ஒரு தடவ தவற உட்டிருக்கேனா?

— இல்ல.

— ஒரு தடவையாவது என் கையில இருக்கும்போது நீ மூஞ்ச சுளிச்சிருக்கியா? அந்த போட்டோவ பாத்தாலே தெரியும், பூ மாதிரி இருக்கும் உன் மூஞ்சி. சுளிச்சிருக்கியா, சொல்லு.

— இல்ல மாமா. சுளிச்சதில்ல.

— போதும். கேட்டுகினீங்களா சார்? மெத்தைக்கு அளவு எடுத்து தெரிஞ்சுக்கறது இல்ல இது.

— அண்ணே, விடுங்க.

— நான் ஏன் உடணும்? என்னமோ வலது பக்கம் சாயறாளாம், அதுக்கு ஒரு காரணம் இருக்குதாம், எனக்குத் தெரியாதாம். இவருகிட்ட என்னடி சொன்ன?

— அன்பு, நீங்க சொல்லிட்டீங்களா?

— இல்லீங்க. நீங்கதான் சொல்லணும்னு சொன்னேன்.

— சொல்லிடறேன். கிரைண்டர் வண்டிலதானே இருக்கு மாமா?

— அது இருக்கட்டும். நீ சொல்லு.

— இடது இடுப்பு. தூக்கும்போது உன் வயித்தோட அழுந்துமே, அந்த எடம். போலியோ வந்ததுல கால்தான் செத்துச்சு, வலி சாகல. நீ தூக்கினா மூணு நாளைக்கு இடது பக்கம் ஊணி உக்கார முடியாது. அதான் வலது பக்கம்.

— என்னிலேருந்து?

— மொத மேடைலேருந்து.

— பதினோரு வருஷமா?

— ம்.

— ஏன் எங்கிட்ட சொல்லல?

— சொன்னா தூக்க மாட்ட. நீ தூக்கலன்னா மேடைக்குப் போக எனக்கு வேற வழி ஏது? இப்பதான் ஒரு வழி வந்துருக்கு. அதுக்கும் வெல்டு வெச்சுட்ட.

— பொய்யி. முந்நூறு பேரு பாத்தான், போட்டோ புடிச்சான். உன் மூஞ்சில ஒண்ணுமே இல்ல. வலிச்சா தெரியாதா? நான் ஒரு சாண் தூரத்துல இருந்து பாத்துகினே இருந்தேனே.

— நீ எறக்கி உட்டதுக்கு அப்புறந்தான் நான் நடிக்க ஆரம்பிக்கறேன்னு நெனச்சுகினு இருந்தியா மாமா?