மெதுவா அடிக்கிற டிரம்

அப்படித்தான் மாப்ள, தோள உள்ள விட்டுக்கோ. தொப்பை இடிக்குதா? அது என் தங்கச்சி சமையலோட குத்தம், மெஷின் என்ன பண்ணும். அந்த போல்ட்டுத் தலைய ஸ்பேனரால அழுத்திப் புடி. நீ விட்டேன்னா வெளிய நட்டு வெறும்னே சுத்தும்.

நான் உள்ள போறதா? அப்ப வெளிய யாரு முறுக்குவா, நீயா? போன தடவ நீ முறுக்குன போல்ட்டு வயல்ல கெடந்துச்சு.

இது கோதுமைக்குன்னு செஞ்ச அறுவடை மெஷின்யா. எனக்கு மீசை மொளைக்கிறதுக்கு முன்னாடியே கதிர் அறுத்துக்கிட்டிருந்த கிழவி. நீ பாட்டுக்கு இதுல மக்காச்சோளத்த விட்டு, மணி உதிரலன்னு கதிரடிக்கிற டிரம்ம வேகமா சுத்த விட்டே. என்னாச்சு? பாதி குருணை. ஓங்கி அடிச்சாத்தான் உதிரும்னு உனக்கு யாரு சொன்னது? அதான் அடியில இருக்குற வளைஞ்ச சல்லடைல ஒரு கம்பி விட்டு ஒரு கம்பி உருவிட்டேன். டிரம்முக்கும் அதுக்கும் நடுவுல கட்டைவிரல் போற அளவு சந்து. டிரம்முக்குப் பெல்ட்டு ஓடுற புல்லிய பெருசா மாட்டி வேகத்தையும் கொறச்சாச்சு. இனிமே தேய்ச்சு உதிர்க்கும், நொறுக்காது.

டீயா? வெளிய வந்தியானா உன்னத் திரும்ப உள்ள திணிக்க ரெண்டு ஆள் வேணும். கொஞ்சம் பொறு. கால ஆட்டாத, என் மூஞ்சில படுது.

ஆமா, தங்கச்சி கன்னம் ஏன் அப்படி வீங்கிக் கெடக்கு? கதவுல இடிச்சுக்கிட்டாளா. போன மாசமும் கதவுதான். உன் வீட்டுக் கதவுக்கு அஞ்சு விரல் இருக்கு போல. அட, துள்ளாத, உள்ள எடம் இல்ல. கூடப் பொறந்தவளாச்சே, சொல்லாம இருக்க முடியல.

இரு, போன் அடிக்குது. சொல்லும்மா. தையல் மெஷினையும் வண்டில ஏத்தியாச்சா? பாப்பா முன் சீட்டுல உக்காந்துட்டாளா? சரி, நேரா நம்ம வீட்டுக்கு விடச் சொல்லு. அண்ணி வாசல்லயே நிக்கிறா.

யாரா? உன் பொண்டாட்டிதான். ஸ்பேனர விட்டுட்டு வெளிய வா மாப்ள, பாத்து, தலைய இடிச்சுக்காத. அந்த போல்ட்டக் காலைலயே முறுக்கிட்டேன், வேலையெல்லாம் முடிஞ்சு போச்சு. நீ ஓட்டிக்கிட்டுப் போகலாம். நல்லாவே அடிக்கும். உன் வீட்டுல இனிமே அடிக்கிறது இது ஒண்ணுதான்.