குசினியிலும் இருக்கும் மூலக்கூறு

யுனிவர்சிட்டியிலிருந்து ரோவில் ஊருக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு ஆராய்ச்சி மாணவியும் அவளுடைய அம்மாவின் சிநேகிதி ஒருவரும் இருந்தார்கள்.

“நான் செய்யிற மூலக்கூறு ஒரு செக்கன்கூட நிக்காது, அன்ரி. ரெண்டே ரெண்டு காபன் அணு. லேசரால அருட்டினா வெளிச்சம் விட்டிட்டு உடன அடங்கிடும்.”

“நாங்கள் அதைப் பாக்கேலாதோ?”

“பாக்கலாம். காஸ் அடுப்பு நெருப்பில ஒரு நீலப் பச்சை தெரியுமெல்லோ, அது இதின்ர வெளிச்சம்தான்.”

“என்ர குசினியிலயோ?”

“ஓம்.”

அன்ரி அவள் பக்கம் திரும்பினார்.

“எத்தினை வருசமாப் படிக்கிறீர்?”

“நாலு. அடுப்பில அது எல்லாத்தோடயும் கலந்து கிடக்கும். நாங்கள் தனியா எடுத்துப் பாக்கிறம்.”

அன்ரி மணியை அழுத்திவிட்டு எழும்பினார். அவளின் தோளில் மெதுவாகத் தட்டினார்.

“நீர் ஒண்டுக்கும் யோசிக்காதையும், பிள்ளை. இது அடுப்பில இருக்கிறதெண்டு நான் அம்மாட்டச் சொல்லமாட்டன்.”