கேட்காமல் உள்ளே வரும் மருந்து

உத்திரமேரூர் பூச்சிமருந்துக் கடை வரிசையில், எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் நின்றார்கள். சட்டை போடாமல் வயலில் மருந்தடித்து, முந்தைய நாள் மயங்கி விழுந்தவர் அந்தக் கணவர். அப்படியும், சட்டை போட்டுக்கொண்டு அடிக்கச் சொன்ன மனைவியின் பேச்சுக்கு மசியவில்லை.

"ஏரியில நாளெல்லாம் முங்கிக் கெடக்கறேன். தண்ணி உள்ள பூந்துடுதா? மருந்து மட்டும் எப்டி பூரும்?"

"தண்ணி வேற, எண்ணெ மருந்து வேறய்யா. நம்ம பாப்பா ஸ்கூல் புக்குல போட்டுக்கீது. ஒடம்புல ஒவ்வொரு செல்லையும் சுத்திக் கொழுப்புச் சவ்வு கீது. தண்ணியில கரையறதுக்குத் தனி வழி வேணும். கொழுப்புல கரையறது அந்தச் சவ்வுலயே கரைஞ்சி, கேக்காம பூந்துடும்."

"உன் தம்பி மாதிரின்னு சொல்லு."

"அவனாவது சாப்ட்டுட்டுக் கெளம்பிடறான். இது லேசுல கெளம்பாது."

வரிசையே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரி, அடிச்சி முடிச்சதும் தண்ணி ஊத்திக் கழுவிக்கறேன்."

"எண்ணெ வெறும் தண்ணியில போவுமா? முழுக்கைச் சட்டை போட்டுக்கினு அடி. வந்து சோப்பு போட்டுக் குளி. இல்லன்னா வூட்டுக்குள்ள வுடமாட்டேன்."

அவர் மருந்தோடு ஒரு ஜோடி கையுறையும் கேட்டு வாங்கினார்.

எனக்குப் பின்னால் நின்றவர் எட்டிப் பார்த்து, மெதுவான குரலில் கடைக்காரரிடம் சொன்னார்:

"அண்ணே, எனக்கும் ஒரு ஜோடி எடுத்து வையி."